புகைமீன் சுருளப்பம்

முந்தலில் ஏறிய வள்ளம் ஒல்லாந்தர் வாய்க்காலில் நகர்வதே தெரியாமல் நகர்ந்துகொண்டிருந்தது. யூஜீனியாவுக்குத் தான் அசையாமல் இருக்க, இரு கரைத் தென்னைகளும் கைகோத்துக்கொண்டு பின்னால் நடந்து போவதாகத் தோன்றியது. தண்டுக்காரன் கோலை ஊன்றும்போது எழும் சளப்பென்ற ஓசையில் அவள் கண் சொருகும். அடுத்த ஊன்றலில் விழிப்பு வரும். இடையில் கண்டது கனவா கரையா என்று பிரித்துச் சொல்ல அவளால் முடியவில்லை.

மடியில் பனையோலைப் பெட்டி. அதற்குள் வாழைச்சருகில் பொதிந்த ஆறு பாரைமீன் துண்டங்கள், அவளே இரண்டு நாள் புகை பிடித்தவை. பெட்டி மூடியிருந்தாலும் அந்த வாசனை வெளியே வந்து வள்ளம் முழுவதும் உட்கார்ந்திருந்தது.

"உந்தப் பெட்டியை அங்கால வை. பூசை உடுப்பெல்லாம் மீன் மணக்கப் போகுது," என்றாள் அல்பொன்சா. அவள் யூஜீனியாவின் அண்ணன் அருளப்புவின் மனைவி. வள்ளத்தின் முன்னால், அணியத்தில் கால் கட்டிக் கிடந்த இரண்டு சேவல்களையும் கண்ணெடுக்காமல் காவல் காத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சேவல்களை நம்பித்தான் இந்தப் பயணமே புறப்பட்டிருந்தது.

தலவிலவில் அன்னம்மாள் திருநாள். வழக்கம்போல அருளப்பு குடும்பம் ஆறு நாளைக்குக் கொட்டில் போட்டுத் தங்கப் போகிறது. வழக்கத்தில் இல்லாதது ஒன்றும் இந்த முறை இருந்தது. எத்தாளையில் வள்ளம் கட்டும் தச்சன் யாக்கோபு, தன் ஆட்களோடு யூஜீனியாவைப் பார்க்க அங்கே வருகிறான். மனைவியைப் பறிகொடுத்து இரண்டு வருடமானவன், பிள்ளையில்லை. முப்பது வயது கடந்த தங்கைக்கு இனியொரு சம்பந்தம் வருமா என்று அருளப்பு வாய்விட்டுக் கேட்டதில்லை. அல்பொன்சாதான் நாளுக்கு நாலு தரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

யூஜீனியா பதினொரு வருடம் முந்தலுக்குக் கிழக்கே ஒரு தென்னந்தோட்டத்துப் பங்களாவின் குசினியில் சமையலுக்கு நின்றவள். ஐரோப்பாவில் போர் தொடங்கிய மறு மாதமே துரையின் மனைவியான நோனா பெட்டிகளைக் கட்டி அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார். துரை கொழும்புக்குப் போனார். பங்களாவின் யன்னல்களைச் சாத்திவிட்டு யூஜீனியா அண்ணன் வீட்டுக்கு வந்தாள். அவள் கைக்குத் தெரிந்ததெல்லாம் அண்ணன் வீட்டில் யாருக்கும் தேவைப்படாதவையாக இருந்தன.

அவற்றில் ஒன்று அந்தக் குளிர்ந்த சுருள். மாலையில் விறாந்தையில் துரைமார் கூடும்போது நோனா அதைத்தான் செய்யச் சொல்வார். சீமையிலிருந்து தகரத்தில் வந்த புகைமீனை மெல்லிய பாண் ரொட்டித் துண்டில் பரப்பி, சுருட்டி, ஆறவைத்து, காசளவுக்கு அரிந்து வெள்ளித் தட்டில் அடுக்க வேண்டும். யூஜீனியா கொண்டுபோய் வைப்பாள். கைகள் நீளும், பேச்சு நிற்காது, தட்டு வெறுமையாகும். ஒருவரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. நோனா எண்ணித்தான் அனுப்புவார், ஆதலால் பதினொரு வருடத்தில் ஒரு துண்டும் அவள் வாய்க்குள் போனதில்லை. அதன் ருசி எப்படியிருக்கும் என்று குசினிப் படியில் உட்கார்ந்து நினைத்துப் பார்ப்பாள். கடைசி வருடம் தகரம் வராமல் போனபோது அவளே பாரை வாங்கி, பழைய பீப்பாய் ஒன்றை அடியில்லாமல் கவிழ்த்து, புகை பிடிக்கப் பழகினாள். நோனா அதையும் எண்ணினார்.

வாய்க்கால் முடிந்து களப்பு விரிந்தபோது தண்ணீரும் வானமும் ஒரே ஈய நிறமாய்க் கலந்து கிடந்தன. தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று முகத்தில் அறைந்தது. சேவல் ஒன்று பகல் நடுவில் கூவியது. யூஜீனியா பெட்டியை இறுக அணைத்துக்கொண்டு சிரித்தாள், ஏன் என்று அவளுக்கே தெரியாமல்.

தலவிலவில் கொட்டில்கள் நெருக்கிப் போட்டிருந்தன. கிடுகுக் கூரைகளின் மேல் காற்று இரவு பகலாய்ப் புரண்டுகொண்டிருந்தது. அதனால் அந்த வருடம் யாத்திரிகர்கள் தங்களுக்குள்ளேயே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். தினமும் விடியற்பூசைக்கு மூன்றாம் மணி அடிக்கும் முன் அடுப்பை அணைத்துவிட வேண்டும். பிறகு மறுநாள் கருக்கல்வரை, காற்று விழுந்தாலொழிய, ஒரு கொட்டிலிலும் பொறி பறக்கக் கூடாது. காற்றோ ஞாயிறுவரை விழுவதாயில்லை.

யாக்கோபு வீட்டார் வியாழன் காலையில் வருவதாகப் பேச்சு. அல்பொன்சா கருக்கலிலேயே எழுந்து மிளகாய் அரைத்தாள். சேவல்களை அறுக்க அருளப்பு கத்தி தீட்டிக்கொண்டிருந்த நேரம், எத்தாளையிலிருந்து வந்த மாட்டுக் கரத்தைக்காரன் ஒருவன் சேதி சொன்னான். அவர்கள் இன்றைக்கில்லையாம், நாளைப் பின்னேரம்தான் வருவார்களாம்.

அல்பொன்சா அம்மிக்குழவியைப் போட்டுவிட்டு அப்படியே மணலில் உட்கார்ந்தாள்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. சுத்தபோசனம், இறைச்சி தொடேலாது. சேவல் எப்பிடி வைக்கிறது?"

"மீன் ஆக்கு," என்றான் அருளப்பு.

"எந்த அடுப்பில? பின்னேரம் நெருப்பு மூட்ட விடுவினமா? விடியக்க ஆக்கின மீன்குழம்பு பின்னேரம் என்ன கதியில கிடக்கும்?"

சேவல்கள் தமக்கு ஒரு நாள் கூடியதை அறியாமல் மணலைக் கிளறின. கொட்டில் வாசலில் நின்ற யூஜீனியா, "மச்சாள், நான் ஒண்டு செய்யட்டே?" என்றாள்.

"என்ன?"

"சுருளப்பம். உள்ளுக்குத் தேங்காய்ப்பூவும் சக்கரையும் இல்ல, புகைமீன். விடியக்க அப்பத்தைச் சுட்டு வைச்சா, பிறகு நெருப்பே தேவையில்ல. குளிரக் குளிரத்தான் நல்லாயிருக்கும்."

அல்பொன்சாவின் முகம் கறுத்தது. "பச்சைத்தண்ணி மாதிரி ஆறினதையா சம்பந்தக்காரருக்கு முன்னால வைக்கிறது? அடுப்பு எரியாத வீட்டுச் சாப்பாடு செத்தவீட்டுச் சாப்பாடு, யூஜீனி. பொம்பிளை பார்க்க வாறவங்க என்ன நினைப்பாங்க?"

ஊரில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். அருளப்பு தீட்டிய கத்தியை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அதிகம் கதைக்காதவன்.

"அவ செய்யட்டும்," என்றான் கடைசியில். "அவவைப் பார்க்கத்தானே வாறாங்க."

அன்று பின்னேரம் யூஜீனியா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தென்னங்காணிகளுக்கு ஊடாக நடந்தாள். அரை மைலுக்கு அப்பால் எருமை வளர்க்கும் மர்ளியா என்ற பெண்ணின் வீடு இருந்தது. வெங்காயப் பாத்திகள் காற்றில் நீலமாய் அலைந்தன. தூரத்தில் கடலின் இரைச்சல் ஒரே சீராய், யாரோ தூக்கத்தில் மூச்சு விடுவதுபோல வந்தது. வேலி ஓரத்தில் எருமைகள் சேறு பூசிக்கொண்டு கண்மூடி நின்றன.

"தயிரா? எத்தனை சட்டி வேணும் தங்கச்சி?" என்றாள் மர்ளியா.

"ரெண்டு. கட்டியா இருக்கோணும். துணியில கட்டித் தொங்கவிடப் போறன்."

"தொங்கவிட்டா தண்ணியெல்லாம் வடிஞ்சு போயிருமே!"

"வடியத்தான் வேணும். பிறகு பாணில பூசுற மாதிரி வரும்."

மர்ளியா ஒரு நிமிடம் யோசித்தாள். "அல்லாஹ்வே, இப்பிடியும் ஒரு கதையா?" என்று சிரித்தாள். பிறகு கேட்காமலே வேலியிலிருந்து இரண்டு பிஞ்சு வெள்ளரிக்காய் பறித்துக் குடத்தின் மேல் வைத்தாள். "இதையும் கொண்டு போங்க. குளிர்ச்சிக்கு இதுதான் நல்லம்."

அந்த இரவெல்லாம் கொட்டிலின் முகட்டுக் கழியில் தயிர்ப்பொட்டணி தொங்கிச் சொட்டுச் சொட்டாய் வடிந்தது.

விடிவெள்ளி நிற்கையிலேயே யூஜீனியா எழுந்தாள். கோதுமை மாவில் முட்டை உடைத்து ஊற்றி, தேங்காய்ப்பால் விட்டு, உப்பிட்டு, கரண்டியிலிருந்து நூலாய் ஒழுகும்வரை கரைத்தாள். தாச்சியில் எண்ணெய் தொட்டுத் தடவி, ஒரு கரண்டி ஊற்றிச் சுழற்ற, மா சுற்றிவரப் பரவி முழுநிலவாய் நின்றது. ஓரம் சிவக்க விடக்கூடாது. சிவந்தால் சுருட்டும்போது வெடிக்கும். ஒவ்வொன்றாய் எடுத்து ஈரத்துணிக்குள் அடுக்கினாள். முதலாம் மணி கேட்டது. இரண்டாம் மணி கேட்டது. பக்கத்துக் கொட்டில்களில் ஒவ்வோர் அடுப்பாய்த் தண்ணீர் தெளித்து அணைக்கும் சீற்றம் எழுந்தது. முப்பதாவது அப்பத்தை அவள் தாச்சியிலிருந்து இறக்கவும் மூன்றாம் மணி அடிக்கவும் சரியாயிருந்தது.

பூசை முடிந்து வந்ததும் மீனைக் கையில் எடுத்தாள். புகை ஏறிய பாரை தேன் நிறமாயிருந்தது. முள் நீக்கி, விரலால் உதிர்த்து, வடிந்த தயிரோடு பிசைந்தாள். பொடியாய் அரிந்த சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாய், மிளகுதூள், தேசிக்காய்ச் சாறு. அப்பத்தில் மெல்லிசாய்ப் பூசி, குறுக்கே ஒரு வெள்ளரிக் கீலம் வைத்து, பாயைச் சுருட்டுவதுபோல இறுக்கிச் சுருட்டினாள். இதற்கு மிஞ்சிய வித்தை ஒன்றுமில்லை, யாரும் செய்யலாம். ஆனால் அவள் விரல்கள் அசைந்த நிதானத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற அல்பொன்சா போய்க் கோப்பைகளைக் கழுவத் தொடங்கினாள்.

சுருள்களை ஈரத்துணியில் சுற்றி, வாழையிலையில் பொதிந்து, புதுச்சட்டியில் அடுக்கி மூடினாள். பூவரச மரத்தின் அடியில் ஈரமணல் தோண்டி, கழுத்துவரை சட்டியைப் புதைத்து, மேலே கிணற்றுத் தண்ணீர் ஊற்றினாள். பிறகு செய்ய ஒன்றுமில்லை. மரத்தில் சாய்ந்தாள். இலைகளின் ஊடே விழுந்த வெயில் பொட்டுகள் அவள் சேலையில் மீன்குஞ்சுகளாய் ஓடின. பெரிய வெள்ளித் தட்டு ஒன்று கடலில் மிதந்து போவதாகவும், நிறையக் கைகள் தண்ணீருக்குள்ளிருந்து நீள்வதாகவும் கனவு கண்டாள். கைகளுக்கு முகமிருக்கவில்லை. விழித்தபோது நிழல் கிழக்கே சாய்ந்திருந்தது. எத்தாளைக் கரத்தைகள் இரண்டு வந்து நின்றன.

பதினொரு பேர். முன்னால் இறங்கியவள் யாக்கோபுவின் அக்கா கத்தரினா. மெலிந்த, நெட்டையான பெண். கொட்டிலுக்குள் நுழைந்ததும் அவள் கண் மூலைக்குப் போய், குளிர்ந்த சாம்பலும் கல்லுமாய்க் கிடந்த அடுப்பில் நின்றது. யாக்கோபு எல்லாருக்கும் பின்னால் வந்து, மரவாங்கின் ஓரத்தில் உட்கார்ந்து, தன் பெரிய கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தான். நாற்பது வயதிருக்கும். காதோர மயிரில் மரத்தூளா நரையா என்று தெரியாத ஒரு வெண்மை.

யூஜீனியா சட்டியைத் தோண்டி எடுத்தாள். கத்தி பட்டால் சுருள் நசுங்கும் என்பதால் தையல்நூலை அடியில் விட்டு, இரு முனையையும் மேலே குறுக்கே இழுத்தாள். ஒவ்வொரு துண்டும் வட்டமாய் விழுந்தது. வெளியே மஞ்சள், உள்ளே வெள்ளைச் சுழி, நடுவில் பச்சைப் புள்ளி. வாழையிலையில் அடுக்கிக் கொண்டுபோய் வைத்தாள்.

ஒரு கையும் நீளவில்லை.

"இது என்ன?" என்றாள் கத்தரினா.

"சுருளப்பம். உள்ளுக்கு மீன்," என்றாள் அல்பொன்சா அவசரமாக. "பின்னேரம் அடுப்பு மூட்டேலாது எண்டு..."

"எங்களுக்கும் தெரியும். நாங்களும் வருசா வருசம் கொட்டில் போடுற ஆக்கள்தான்." கத்தரினா ஒரு துண்டை எடுத்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "குளிர்ந்து கிடக்கு. துரை வீட்டில இப்பிடித்தான் தின்பாங்களாம் எண்டு கேள்வி. பதினொரு வருசம் அங்கதானே நிண்டவ?"

கேட்கப்பட்டது அப்பத்தைப் பற்றியல்ல என்பது எல்லாருக்கும் விளங்கியது. அருளப்பு எழுந்திருக்கப் பார்த்தான். அவனுக்கு முன் யூஜீனியா வாய் திறந்தாள்.

"ஓம் அக்கா. பதினொரு வருசம் குசினியில நிண்டன். விடிய நாலு மணியிலயிருந்து விளக்கு வைக்கும்வரை. ஞாயிறு தவறாமப் பூசைக்குப் போனன். அங்க பழகினது சமையல் மட்டும்தான். அதை மறைக்க எனக்கு ஒரு காரணமும் இல்ல."

இதைச் சொல்லும்போது அவள் குரல் உயரவில்லை. ஆனால் தன் குரல் இவ்வளவு தெளிவாய்க் கேட்டது அவளுக்கே புதிதாய் இருந்தது. கத்தரினா பதில் சொல்வதற்கிடையில், வாங்கின் ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டு இலையில் ஒரு துண்டை எடுத்தது.

யாக்கோபு அதை முழுதாய் வாயில் போட்டான். மென்றான். மெல்லுவதை நிறுத்தினான். கண்ணை மூடித் திறந்தான். பிறகு தலையை நிமிர்த்தி, வந்ததிலிருந்து முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தான்.

"இது யார் புகை பிடிச்சது?"

"நான்தான்."

"தேங்காய்ப் பொச்சுமட்டையில பிடிச்சா கொஞ்சம் கசக்கும். இது கசக்கல்ல." இன்னொன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோனான். "மரம். தேக்கும் இல்ல, வேம்பும் இல்ல... பலாவா?"

"பலாதான். தோட்டத்துத் தச்சன் அலுமாரி செய்யக்க விழுந்த சீவலை அள்ளி வைச்சிருந்தன். நல்லாக் காஞ்சது. கொஞ்சம் தண்ணி தெளிச்சாத்தான் சுவாலை வராம புகையும்."

"ஓம், ஓம். பச்சையா இருந்தா புளிச்ச மணம் வரும்." அவன் முகத்தில் ஏதோ ஒன்று மெல்லத் திறந்துகொண்டிருந்தது. "நான் நாள் முழுக்கப் பலாவைச் சீவுறவன். அந்த மணத்தைத் தின்னலாம் எண்டு எனக்கு ஒரு நாளும் தோணினதில்லையே!"

யாரோ சிரித்தார்கள். எத்தாளைப் பெரியவர் ஒருவர் கை நீட்டினார். பிறகு எல்லாக் கைகளும் நீண்டன. ஆனால் இந்தக் கைகளுக்கு முகமிருந்தது. ஒருவர் புருவத்தை உயர்த்தினார், ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளின் தொடையில் தட்டினாள், ஒரு சின்னப் பெட்டை சுருளைப் பிரித்து வெள்ளரியை மட்டும் தின்றாள்.

"நீங்க தின்னல்லையா?" என்று யாக்கோபு கேட்டான்.

"நானா?" யூஜீனியா தடுமாறினாள். "நான்... ஒரு நாளும் திண்டதில்ல."

"செய்யிற ஆள் நீங்க. தின்னாம எப்பிடிச் செய்தீங்க?"

"கண்ணாலயும் மூக்காலயும்தான்."

அவன் இலையை அவள் பக்கம் திருப்பி, அவளுக்கு எட்டும்படி தள்ளி வைத்தான்.

பதினொரு பேரும் அண்ணனும் மச்சாளும் பார்த்திருக்க அவள் ஒரு துண்டை எடுத்தாள். முதலில் வந்தது குளிர்ச்சி. மணலின் அடியில் ஊறும் தண்ணீரின் குளிர்ச்சி. பிறகு அப்பத்தின் மென்மை விலகித் தயிரின் புளிப்பு, அதற்கும் அடியிலிருந்து மெல்ல எழுந்து வரும் புகை. காற்று கூரையில் புரள்வதும், பேச்சும், கடலும் எங்கோ தூரத்தில் போய் நின்றன. பதினொரு வருடம் குசினிப் படியில் இருந்து அவள் நினைத்துப் பார்த்த ருசி வேறு. இது அதைவிட எளிமையாயிருந்தது. அதனாலேயே கண்ணில் நீர் வந்தது. மிளகு கூடிவிட்டது என்று சொல்லிச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

விருந்தினர் புறப்படும்போது கத்தரினா மட்டும் பின்தங்கினாள். மிச்சமிருந்த நாலு துண்டையும் தன் லேஞ்சித் துணியில் முடிந்துகொண்டாள். யூஜீனியாவின் அருகே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"ரெண்டு வருசமா நான்தான் அவனுக்கு ஆக்கிப் போடுறன். புளிச்சுதா, உப்புக் கூடினதா, ஒரு சொல்லு கேட்டதில்ல. வைச்சதைத் திண்டிட்டு எழும்பிப் போவான். இண்டைக்கு இது யார் புகை பிடிச்சது எண்டு கேட்டான்." அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "நான் கதைச்ச கதை பிழை. மனசில வைச்சிராத."

"வைக்கல்ல அக்கா," என்றாள் யூஜீனியா. அது முழு உண்மையல்ல. ஆனால் உண்மையாக ஆகிவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது.

அன்றைக்கே அருளப்பு, "உனக்கு விருப்பமோ?" என்று கேட்டான். "நாளைக்குச் சொல்றன் அண்ணை," என்றாள். அல்பொன்சாவுக்குப் பொறுக்கவில்லை. இந்த வயதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று முணுமுணுத்தாள். ஆனாலும் ஒரு கோப்பை தேத்தண்ணீரை, விடியலில் போட்டு ஆறியதுதான், தானே கொண்டுவந்து யூஜீனியாவின் கையில் கொடுத்தாள்.

சனிக்கிழமை காலையில் பூசை முடிந்து யாத்திரிகர்கள் கடற்கரையில் நின்றபோது இரவு தலவிலவிலேயே தங்கியிருந்த யாக்கோபு தயங்கித் தயங்கி வந்தான். அலை வெள்ளை வெள்ளையாய் உடைந்துகொண்டிருந்தது. இருவருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கும் இடைவெளி. சற்றுத் தள்ளி அருளப்பு முதுகு காட்டி நின்றான்.

"நான் கூடக் கதைக்கிற ஆளில்ல," என்றான் யாக்கோபு.

"நானும்தான். சும்மா இருந்து யோசிச்சுக்கொண்டு இருப்பன். கூப்பிட்டாக் கேக்காது. மச்சாளுக்கு அதில கோவம்."

"பட்டறையில சுத்தியல் சத்தம் ஓயாது. அங்க யாருக்குமே ஒண்டும் கேக்காது." அவன் சிரிக்கிறானா என்று அவளுக்கு முதலில் பிடிபடவில்லை.

"ஒண்டு கேட்கோணும்," என்றாள். "உங்க முதல் பெண்சாதிட பேரைச் சொல்ல நான் பயப்பிடத் தேவையில்லையே?"

அவன் அவள் பக்கம் திரும்பினான். "இல்ல," என்றான். "சொல்லலாம். யோகம்மா. எல்லாரும் எனக்கு முன்னால அந்தப் பேரை விழுங்கிறாங்க. அதுதான் கஷ்டமா இருந்தது."

யூஜீனியா அந்தப் பேரை ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தாள். காற்று அதை வாங்கிக்கொண்டு போனது. அவள் திரும்பி அருளப்பு நின்ற இடத்துக்குப் போய், "எனக்கு விருப்பம் அண்ணை," என்றாள்.

மூன்று ஞாயிறு கோயிலில் திருமண அறிவித்தல் வாசித்தார்கள். தை மாதம் கலியாணம். கச்சான் அடங்கிக் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்த காலை அது. யாக்கோபு தானே கட்டிய புதுவள்ளத்தில் அவளை ஏற்றி, கரையோரமாய் எத்தாளைக்குக் கொண்டுபோனான். அணியத்தில் கத்தரினா. அவள் கால் மாட்டில் அல்பொன்சா கொடுத்தனுப்பிய பொட்டணிகள். யூஜீனியாவுக்கு வழக்கம்போலக் கண் சொருகியது.

"எழும்பு, எழும்பு, அங்க பார்!" என்று கத்தரினா தோளைத் தட்டினாள்.

கண்ணைத் திறந்தாள். வள்ளத்தின் இரு பக்கமும் துள்ளும் ஓங்கில் மீன்கள். ஒன்று, பத்து, எண்ண முடியாத அளவு. கருநீல முதுகுகள் வெயிலில் மின்னி எழுந்து, வளைந்து, ஓசையில்லாமல் தண்ணீருக்குள் இறங்கின. யாக்கோபு தண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றான். கத்தரினா சிலுவை போட்டுக்கொண்டாள். தான் இன்னும் தூங்குகிறேனோ என்று பார்க்க யூஜீனியா ஒரு கையைத் தண்ணீரில் விட்டாள். தண்ணீர் இளஞ்சூடாய் இருந்தது.